இடுப்புக்கு வேலை வேறு, பயிற்சி வேறு

கேள்வி:

எனக்கு வயது 44. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறேன். மூன்று மணிக்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, நாலு மணிக்கெல்லாம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு குனிந்தால் நிமிர எட்டு மணி ஆகும். இரண்டு வருஷமாக இடுப்பு வலி. முதலில் சீசனில் மட்டும் இருந்தது. இப்போது பூ இல்லாத மாதத்திலும் விடுவதில்லை. படுக்கையை விட்டு எழுந்ததும் ஒரு பத்து நிமிஷம் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. வலி இடுப்போடு சரி, காலுக்கு இறங்கவில்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். எல்4–எல்5 இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரை போட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. பெல்ட் வாங்கி மூன்று மாதமாகக் கட்டுகிறேன். என் மாமியார் உளுந்தங்களி கிண்டித் தருகிறார். பக்கத்து வீட்டில், இரண்டாவது பிரசவத்துக்கு ஆபரேஷன் செய்தபோது முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்கிறார்கள். இன்னொருவர் கட்டாந்தரையில் படு, இனிமேல் குனியவே குனியாதே என்கிறார். குனியாமல் எப்படிப் பூ எடுப்பது?

இடுப்புக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாம் என்று என் மகள் சொல்கிறாள். தினம் நாலு மணி நேரம் குனிகிறேன், தண்ணீர் தூக்குகிறேன், வீட்டு வேலையும் பார்க்கிறேன். இதற்கு மேல் எனக்கு என்ன உடற்பயிற்சி? செய்தால் தேய்ந்தது இன்னும் தேய்ந்துவிடாதா?

– ஒரு வாசகி, திருமங்கலம் வட்டம்

பதில்:

நீங்கள் கடைசியில் கேட்ட கேள்வியைத்தான் என்னிடம் வரும் பூ எடுக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் கட்டட வேலைக்குப் போகும் பெண்களும் கேட்கிறார்கள். ‘இத்தனை வேலை செய்கிறேனே, எனக்கெதற்குப் பயிற்சி?’ நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் ஒரு முன்னெச்சரிக்கை. கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழந்து செருப்பு தானாகக் கழன்று விழுவது: இவை இருந்தால் அன்றைக்கே மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமான நோய் அல்ல. காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, பின்ராத்திரியில் வலி எழுப்பிவிட்டு, நடக்க நடக்கக் குறைந்தால் அது மூட்டு வாதத்தில் ஒரு வகையாக இருக்கலாம். விலாவுக்குக் கீழே விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடித்து, சிறுநீர் எரிந்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். கீழே விழுந்த பிறகு வந்த வலி, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு வரும் வலி, ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவர்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. வலி காலுக்கு இறங்கவில்லை, பத்து நிமிஷத்தில் இடுப்பு நிமிர்கிறது, சீசனோடு கூடிக் குறைந்திருக்கிறது. இடுப்பு வலி என்று வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் உங்களைப் போன்றவர்கள்தான். ஆபத்தான நோய் இருக்காது, ஆனால் வலி உண்மையானது. தைரியமாகப் பயிற்சி செய்யலாம்.

ஸ்கேன் தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. 40 வயதில், இடுப்பு வலி துளியும் இல்லாதவர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் எனப்படும் ஜவ்வில் தேய்மானம் இருந்தது. 50 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. உங்கள் வயதில் ஸ்கேன் எடுத்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு ‘ஜவ்வு பிதுங்கியிருக்கிறது’ என்றுதான் எழுதி வரும். தலைமுடி நரைப்பதும் முகத்தில் சுருக்கம் விழுவதும் வயதின் குறி என்று எடுத்துக்கொள்கிறோம். ஸ்கேனில் தெரிவதில் பெரும்பகுதியும் அப்படித்தான்.

உங்கள் விஷயத்தில் ‘ஆபரேஷன் வரை போகுமா’ என்ற கவலைக்கு இப்போது இடமில்லை. கால் நரம்பு அழுத்தப்பட்டு, காலில் வலுவும் உணர்ச்சியும் குறைந்து, மற்ற சிகிச்சைகள் பலன் தராதபோதுதான் அந்தப் பேச்சு வரும்.

பயிற்சி செய்தால் தேயுமா என்று கேட்டீர்கள். தேயாது. எலும்பும் டிஸ்க்கும் தசையும் உயிருள்ளவை. அளவான பாரம் கொடுத்து, ஓய்வும் கொடுத்தால் உறுதிப்படும். ஒரே நிலையில் ஓய்வில்லாமல் பாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் நோகும்.

குனிந்தே வேலை செய்தும் இடுப்பு ஏன் வலுக்கவில்லை?

கார்த்திகையில் கவாத்து செய்யும்போது மல்லிகைச் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுகிறோம். துளிர்த்து வந்தாலும் அது இடுப்புக்குக் கீழேதான் நிற்கும். எனவே நீங்கள் உட்கார்ந்தும் எடுக்க முடியாமல் நின்றும் எடுக்க முடியாமல் மடங்கி நிற்கிறீர்கள். மடியில் சேரும் பூவின் எடை ஒரு பொருட்டே அல்ல. இடுப்பு தாங்குவது உங்கள் மேலுடம்பை. தலை, கை, நெஞ்சு எல்லாம் சேர்ந்து உடல் எடையில் ஏறக்குறைய பாதி. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 25 கிலோவுக்குக் குறையாத பாரம் நாலு மணி நேரம் முன்பக்கமாகத் தொங்குகிறது.

அதை முதுகுத் தசைகள் தாங்கினால் அவை வலுத்திருக்குமே என்று தோன்றும். ஆனால் முதுகை வளைத்து நன்றாகக் குனிந்துவிட்டால் கீழ்முதுகுத் தசைகள் ஏறக்குறைய வேலை செய்வதையே நிறுத்திவிடுகின்றன. தசையின் மின்துடிப்பை அளந்து 1950-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தசை ஓய்வெடுத்துக்கொள்ள, எலும்புகளைப் பின்னால் பிணைத்திருக்கும் தசைநார்களும் டிஸ்க்கும் பாரத்தைத் தாங்கி நிற்கின்றன. நாலு மணி நேரம் குனிந்தும் உங்கள் இடுப்புத் தசைக்கு வேலை கிடைக்கவில்லை. தாங்கக் கூடாதது தாங்கி நொந்துபோகிறது. உங்கள் வேலை உங்களுக்குப் பயிற்சி ஆகாததன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் நடக்கிறது. நெடுநேரம் இழுபட்டு நின்ற தசைநார் நிமிர்ந்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வில் பெயர் பெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்த இரண்டு நிமிடத்தில் பாதிதான் மீண்டார்கள். அரை மணி நேரம் கழித்தும் மிச்சம் இருந்தது. பூ எடுத்து முடித்த கையோடு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது ‘பிடித்துக்கொள்வது’ இதனால்தான்.

உங்கள் வேலைக்கே உரிய மூன்றாவது சங்கடம், நேரம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதும் அதனால்தான். எழுந்து நடமாடினால், அன்றைக்குக் குறைய வேண்டிய உயரத்தில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அதற்குள் குனிந்தால் உப்பியிருக்கும் டிஸ்க் மீதும் தசைநார் மீதும் விழும் இழுவை மிக அதிகம். அமெரிக்காவில் ஸ்டோவர் ஸ்னூக் என்பவரின் குழு, நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை விடியற்காலையில் குனியாமல் இருக்கப் பழக்கியது. அதிலேயே வலி குறைந்ததை 1998-ல் அந்தக் குழு எழுதியது. நம் ஊரிலோ மொட்டு விரிவதற்கு முன் எடுத்தாக வேண்டும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை, இடுப்பு குனிவதற்குத் தயாராகாத வேளையில்தான் பறிக்க வேண்டியிருக்கிறது. நேரத்தை மாற்ற முடியாது. ஆனால் எழுந்ததற்கும் குனிவதற்கும் நடுவில் என்ன செய்கிறோம் என்பதை மாற்றலாம்.

பெல்ட், படுக்கை, ஊசி, உளுந்தங்களி

பெல்ட்டை மெல்லக் கழற்றுங்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இழுவைச் சிகிச்சைக்கும் அதே பதில்தான். பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. மூன்று மாதமாகக் கட்டியிருப்பதால் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்கும்போது முதலில் எடுத்துவிடுங்கள், இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்திலும் எடுத்துவிடுங்கள்.

படுத்தே கிடப்பதால் வலி சீக்கிரம் போகாது. தாங்கும் அளவுக்கு நடமாடுபவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள். கட்டாந்தரையும் வேண்டியதில்லை. ஸ்பெயினில் 313 பேரை வைத்துச் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்தது. அமுங்கிக் குழி விழாத பஞ்சு மெத்தை போதும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசியைப் பற்றி அநேகமாக எல்லா ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. அந்த ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். பல வருஷம் கழித்து வரும் இடுப்பு வலிக்கு அது காரணமில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பத்து மாதம் இழுபட்ட வயிற்றுத் தசைக்கு, பிள்ளை பிறந்த பிறகு யாரும் திரும்ப வலு ஏற்றுவதில்லை. நாம் கவனிக்க வேண்டிய குறை அதுதான்.

உங்கள் மாமியார் செய்வது நல்ல காரியம். 100 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது, தசை வளரப் புரதம் வேண்டும். ஆனால் களியைச் சாப்பிட்டுவிட்டுத் தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் அது இடுப்புக்குப் போய்ச் சேராது. களியையும் சாப்பிடுங்கள், பயிற்சியையும் செய்யுங்கள். வலி மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள். வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றையும் புண்ணாக்கும்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள்

பந்தக்கால் நேராக நிற்பது அதன் கனத்தால் அல்ல, நாலு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டிய கயிற்றால். முதுகெலும்புக்கு முன்னால் வயிற்றுத் தசை, இரு பக்கமும் விலாத் தசை, பின்னால் எலும்பை ஒட்டிய தசை, கீழே பிட்டத் தசை. நாலையும் சேர்த்துத்தான் வலுவாக்க வேண்டும். வெறும் முதுகைத் தேய்த்து நீவினால் அன்றைய வலி குறையும், அவ்வளவுதான்.

எலும்பை ஒட்டிய தசையைப் பற்றி ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர், முதல்முறை இடுப்பு வலி வந்தவர்களை ஆராய்ந்தார்கள். வலி போனாலும் அந்தத் தசை தானாகத் தேறவில்லை. அதற்கென்று பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஒரு வருஷத்துக்குள் வலி திரும்பியது. மாத்திரையால் குறைந்த வலி உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கலாம்.

கோரைப்பாயின் மேல் ஒரு ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள். சேலையில் செய்ய வராது. சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மகளின் பேன்ட் போதும். எழுந்தவுடன் வேண்டாம், சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். பூ எடுத்து வந்து, சாப்பிட்டு ஓய்ந்த பிறகு பதினோரு மணி வாக்கில் அல்லது சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்கக் கூடாது.

1. வயிற்றை இறுக்குவது: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். தொப்புளுக்குக் கீழே இரு பக்கமும் விரல்களை வைத்து ஒருமுறை இருமுங்கள். விரலுக்கடியில் ஓர் இறுக்கம் தெரியும். இனி இருமாமலே அந்த இறுக்கத்தில் கால்வாசியைக் கொண்டுவந்து, சாதாரணமாக மூச்சுவிட்டபடி பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். எட்டு முறை. அடுத்து வரும் எல்லாப் பயிற்சியிலும் இந்த இறுக்கம் இருக்க வேண்டும்.

2. இடுப்பைத் தூக்குவது: அதே நிலையில் குதிகாலை அழுத்தி, பிட்டத்தை இறுக்கி, இடுப்பைத் தூக்குங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கோட்டில் வந்தால் போதும், அதற்கு மேல் போக வேண்டாம். ஐந்து எண்ணி இறக்குங்கள். எட்டு முதல் பத்து முறை. பிட்டத்துக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கம் பிடித்து இழுத்தால் பாதங்களை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள்.

3. தவழும் நிலையில் கை கால் நீட்டுவது: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நில்லுங்கள். மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. வலது கையை முன்னும் இடது காலைப் பின்னும் நீட்டி, பத்து எண்ணி, மாற்றிச் செய்யுங்கள். முதுகு ஆடாமல் இருப்பதுதான் இதில் பயிற்சி. கீழ்முதுகின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டை மகளை வைக்கச் சொல்லுங்கள்; அது விழாமல் செய்ய வேண்டும். கை கால் இரண்டையும் சேர்த்து நீட்ட வராவிட்டால் முதல் வாரம் காலை மட்டும் நீட்டுங்கள். பக்கத்துக்கு ஆறு முறை, சிறிது ஓய்வு, பிறகு நாலு முறை, ஓய்வு, பிறகு இரண்டு முறை. களைப்பு ஏற ஏற எண்ணிக்கையைக் குறைப்பது மெக்கில் சொல்லித்தந்த முறை.

4. தலையும் தோளும் தூக்குவது: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டுங்கள். கீழ்முதுகுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் இரண்டு உள்ளங்கைகளையும் வையுங்கள். கையை முதுகு நசுக்காமல், தலையையும் தோளையும் தரையிலிருந்து இரண்டு விரற்கடை மட்டும் தூக்கிப் பத்து எண்ணுங்கள். 6, 4, 2 என்று அதே கணக்கு. எழுந்து உட்காரும் அளவுக்குப் போகாதீர்கள். அது டிஸ்க்கை அழுத்தும்.

5. பக்கவாட்டில் தூக்குவது: ஒருக்களித்துப் படுத்து, முழங்கை தோளுக்குக் கீழே இருக்கும்படி ஊன்றி, முழங்கால்களை மடக்கிக்கொண்டு, இடுப்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். பத்து எண்ணுங்கள். இரு பக்கமும் செய்யுங்கள். தோள் வலித்தால் சுவரோரம் பக்கவாட்டில் நின்று, முழங்கையைச் சுவரில் ஊன்றிச் சாய்ந்தபடி செய்யலாம். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துப் பழகியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருக்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரு சுற்று கூடுதலாகச் செய்யுங்கள்.

6. கம்பு வைத்துக் குனிவது: எல்லாவற்றிலும் உங்களுக்கு அவசியமானது இது. ஒட்டடைக் கம்பை முதுகின் நடுவில் நிமிர்த்திப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடமும் கம்பைத் தொட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளியபடி குனியுங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் முதுகு வளைகிறது என்று பொருள். அந்த இடத்தில் நிறுத்தி நிமிருங்கள். பத்து முறை. இப்படிக் குனிந்தால் மடங்குவது இடுப்பு மூட்டு, வேலை செய்வது பிட்டமும் தொடையும். முதுகுத் தசையும் ஓய்வெடுக்காமல் விழித்திருக்கும்.

7. உட்கார்ந்து எழுவது: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்து முறை. இரண்டு மூன்று வாரத்தில் சுலபமானதும், பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தையே பாதி ஆழம் வரை போடுங்கள். தொடைக்கு வலு இல்லாதவர்தான் எதை எடுக்கவும் முதுகை வளைப்பார்.

முதல் இரண்டு வாரம் 1, 2, 3, 6 மட்டும் செய்யுங்கள். மூன்றாம் வாரம் 5, 7 இரண்டையும், ஐந்தாம் வாரம் 4-ஐயும் சேருங்கள். வாரத்தில் ஐந்து நாள் போதும். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று என்ற அளவில் வலி இருந்து, மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் கவலையில்லை. அதற்கு மேல் வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வலி பிட்டத்தைத் தாண்டிக் காலுக்குச் சுரீரென்று இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

இவற்றோடு நடை. 2024-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேர் பங்கேற்றார்கள். மெல்ல மெல்லக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கப் பழகியவர்களுக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாளில் திரும்பியது. காசு செலவில்லாத மருந்து. கண்மாய்க் கரையில் சாயங்காலம் கைவீசி நடங்கள்.

தோட்டத்திலும் வீட்டிலும் மாற்ற வேண்டியவை

எழுந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை மகளிடம் விடுங்கள், அல்லது பூ எடுத்து வந்த பிறகு போடுங்கள். உப்பிய டிஸ்க்கை முதலில் மடக்குவது அந்தக் கோலம்தான். பல் விளக்குவது, காபி போடுவது எல்லாம் நின்றபடி நடக்கட்டும். தோட்டம் தூரமில்லை என்றால் வண்டியில் போகாமல் நடந்து போங்கள். முதல் மொட்டைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் நிமிர்ந்திருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அரை மணி நேரமாவது கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பூ எடுக்கும்போது இரு பாதங்களையும் சேர்த்து வைத்துக் குனியாதீர்கள். ஒரு காலை முன்வைத்து, அந்த முழங்காலை மடக்கி, கம்புப் பயிற்சியில் பழகியபடி பிட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு செடிக்கும் காலை மாற்றுங்கள். செடியின் அடிப்பக்கத்து மொட்டுகளைக் குத்துக்காலிட்டு எடுங்கள், முழங்கால் வலி இருந்தால் சின்ன ஸ்டூல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை முடிந்ததும், அல்லது கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, நிமிர்ந்து இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் ஐந்து முறை சாயுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு நிமிடம் என்றால் காசு என்று எனக்குத் தெரியும். இடுப்பு பிடித்து ஒரு வாரம் வீட்டில் கிடந்தால் போகும் கூலியோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

எடுத்து முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடமாடிவிட்டுக் குடத்தைத் தூக்குங்கள். குடத்தை இரண்டு இடுப்பிலும் மாற்றி மாற்றி வையுங்கள், அல்லது இரண்டு சின்ன வாளிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பூக்கட்ட உட்காரும்போது சுவரில் சாய்ந்து, பிட்டத்துக்குக் கீழே மடித்த போர்வையோ மணைப்பலகையோ போட்டு, பூத்தட்டை ஒரு ஸ்டூலின் மேல் உயர்த்தி வைத்துக்கொண்டால் குனிய வேண்டியிருக்காது.

எத்தனை நாளில் தெரியும்?

தசை தன் வேலையைப் பழகிக்கொள்ள ஆறு வாரம், நன்றாக வலுக்க மூன்று மாதம். காலை இறுக்கம் குறைவதுதான் முதலில் தெரியும். நடுவில் ஒரு நாள் வலி கூடினால், பயிற்சி கெடுத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் நடையும் முதல் இரண்டு பயிற்சியும் மட்டும் செய்துவிட்டு, மறுபடி தொடருங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் துளிகூட மாற்றம் இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் நேரில் காட்டுங்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலையில் யாராவது இருந்தால், 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பங்குனி முதல் ஆனி வரை பூ கொட்டும் காலத்தில் புதிதாக எதையும் தொடங்குவது கஷ்டம். கவாத்து முடிந்து செடி ஓய்ந்திருக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களே இடுப்பை வலுவாக்க ஏற்ற காலம். அப்போது வாரம் ஐந்து நாள் முழுப் பயிற்சியும் செய்யுங்கள். சீசன் வந்ததும் 3, 5, 6 மூன்றையும் மட்டும் பத்து நிமிடம் விடாமல் செய்தால் வலு குறையாது. அதற்காக இப்போது சும்மா இருக்க வேண்டாம். முதல் இரண்டு பயிற்சியையும் கம்பு வைத்துக் குனிவதையும் நாளைக்கே தொடங்கிவிடலாம். உங்களோடு பூ எடுக்கும் பெண்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒருவர் குனிவதை இன்னொருவர் பார்த்துத் திருத்தினால் எல்லோருக்கும் சீக்கிரம் பழகும். மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று அவசியம் எழுதுங்கள்.